சின்னத் தராசு

தராசு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை. பெட்டியைப் பிரிப்பார்கள், பேட்டரியைப் போடுவார்கள், கைக்கு அகப்பட்ட ஒரு வெங்காயத்தை வைத்துப் பார்ப்பார்கள். எண் வந்துவிட்டால் திருப்தி. வந்தது சரியான எண்தானா என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். பத்தொன்பது வருடமாக எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்காகத்தான்.

சொந்த வார்த்தையில் எழுதிக் கொடுங்கள் என்று சொன்னீர்கள், ஆய்வாளர் அம்மா. எழுதுகிறேன். என் கையெழுத்து கொஞ்சம் பொடி. கட்டம் போட்ட நோட்டில் கிராம் கிராமாக எழுதிப் பழகிய கை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைத் தராசுகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் நான் சோதகன். பித்தளை எடைக்கற்கள் உள்ள பெட்டியை எடுத்துக்கொண்டு மீன்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று போவேன். தராசு பிசகியிருந்தால் சரிசெய்வேன். சரிசெய்த தராசின் அடியில் அன்றைய தேதி போட்ட சிறிய முத்திரைத் தாளை ஒட்டி, பதினேழு என்று என் எண்ணை எழுதிவிட்டுத்தான் வெளியே வருவேன். முத்திரை ஒட்டாமல் வந்ததாக என்மேல் ஒரு புகார்கூடக் கிடையாது. நான் போனால் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. போகாவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படிப்பட்ட வேலை.

எங்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது எடை குறைவு என்பதால் கடுகு என்று கூப்பிட்டோம், அதுவே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு நாலு வயதில் வலிப்பு ஆரம்பித்தது. வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுப்பதைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அவளுக்கு வந்தது அது இல்லை. சுவிட்சை அணைத்ததுபோல உடம்பு ஒரு நொடி தொய்ந்துவிடும். உட்கார்ந்திருந்தால் நெற்றி மேசையில் மோதும். நின்றிருந்தால் முகம் குப்புற விழுவாள். நாங்கள் வலிப்பு என்று சொல்வதில்லை, 'விழுறது' என்போம். சாயங்காலம் என் மனைவி வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பாள், "இன்னைக்கு எத்தனை?" நான் சொல்வேன். முப்பது. முப்பத்தெட்டு. ஒரு நாள் நாற்பத்தொன்று.

மூன்று மருந்து மாற்றினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. முன்பற்கள் இரண்டு போயின. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிற என் மனைவி, அந்தப் பற்களை ஒரு துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை நான் மறக்கவில்லை. கடுகுக்கு நுரை வைத்த தொப்பி வாங்கினோம். வீட்டில் ஸ்பூன் கீழே விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவளிடம் பாய்வேன். ஏனென்றால் முதலில் ஸ்பூன் விழும், பிறகு அவள் விழுவாள். அலுவலகத்தில் யாராவது எடைக்கல்லைத் தவறவிட்டால்கூட நான் எழுந்து ஓடியிருக்கிறேன். சிரிப்பார்கள். அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கும் நியாயமாகவே படும்.

பிறகுதான் அந்த உணவுமுறை வந்தது. கீட்டோ என்று இப்போது இளைக்க நினைப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்களே, அதன் கண்டிப்பான வடிவம். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். கொழுப்பு நாலு பங்கு. புரதமும் மாவுச்சத்தும் சேர்த்து ஒரே ஒரு பங்கு. நாலுக்கு ஒன்று. சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, சர்க்கரை அறவே கிடையாது. வெண்ணெய், பாலாடை, எண்ணெய், கொஞ்சம் முட்டை, விரலளவு கோழி, நாலைந்து துண்டு வெள்ளரி. எதையும் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். கிண்ணத்தில் ஒட்டியிருப்பதையும் வழித்து ஊட்டிவிட வேண்டும், மிச்சம் வைத்தால் விகிதம் கெட்டுவிடும். காய்ச்சல் மருந்தில் இருக்கும் இனிப்புகூட ஆகாது.

"எல்லா வீட்டுலயும் இது முடியாதுங்க. ரொம்பப் பேர் மூணாவது மாசமே விட்டுடுவாங்க" என்றார் ஆலோசகர்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நிறுப்பது என் தொழில். நான் அரைநாள் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுக்களையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு தராசு வைத்தேன். பெரியது வெண்ணெய், பாலாடை, எண்ணெய்க்கு. சின்னது, பத்தில் ஒரு கிராம்வரை காட்டுவது, முட்டை, கோழி, காய், பழத்துக்கு. கொழுப்பு ஒரு தராசில், மற்றதெல்லாம் இன்னொன்றில். இதைக் கவனத்தில் வையுங்கள். காலையில் அவள் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பேன். அடர்ந்த ஊதா நிறம் வந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்று அர்த்தம். நோட்டில் குறித்துக்கொள்வேன்.

பதினேழாவது நாள் அவள் விழவில்லை. நான் நோட்டில் எண்ணிக்கைக்கு நேரே சுழி போட்டேன். மறுநாளும் சுழி. அதற்கப்புறம் இரண்டு வருடம் நாலு மாதம், எண்ணூற்றுச் சொச்சம் சுழி. தொப்பியைப் பரணில் போட்டோம். பள்ளிக்கூடம் போனாள், படி ஏறினாள், சைக்கிள்கூட விட்டாள். ஆலோசகர் புதிதாக வரும் பெற்றோரிடம் என் நோட்டைக் காட்டுவார். அந்த வார்டில் எனக்கு நோட்டு அப்பா என்று பெயர். "நோட்டு அப்பாகிட்ட கேளுங்க, அவர் சொல்வாரு" என்று மருத்துவரே ஒருமுறை சொன்னார். அதற்காக நான் எதையும் செய்யவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மருத்துவர் எங்களை உட்காரச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. இனிமே மெதுவா நிறுத்திடலாம்" என்றார்.

நிறுத்துவது என்றால் ஒரேயடியாக இல்லை. நாலுக்கு ஒன்று என்பதை மூன்றரைக்கு ஒன்று ஆக்குவது, ஒரு மாதம் பார்ப்பது, பிறகு மூன்று, இரண்டரை. ஆறேழு மாதத்தில் எல்லாரையும்போலச் சாப்பிடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வலிப்பு திரும்புவதில்லை என்றார்.

"பெரும்பாலானன்னா எத்தனை?" என்றேன்.

"பத்துல எட்டுப் பேர்னு வச்சுக்கங்களேன்."

என் வேலையில் பத்துக்கு எட்டு சரியாக இருக்கும் தராசை நாங்கள் உடைத்துப் போடுவோம். அதை நான் அங்கே சொல்லவில்லை. நான் கேட்டதெல்லாம், நன்றாகத்தானே போகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்பதுதான். அதற்கு அவர் ஒரு படத்தைக் காட்டினார். சிறுநீரகத்தில் மணல்போலக் கல் சேர ஆரம்பித்திருந்தது. வளர்த்தியும் இல்லை, ஒரு வருடத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர். அது எனக்குத் தெரியும். அளப்பவன் நான்தானே. குட்டையாக இருந்தால் என்ன, குட்டையானவர்கள் படி ஏறுவதில்லையா?

என் மனைவி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். சந்தோஷ அழுகை. வீட்டுக்கு வந்ததும் கடுகிடம் சொன்னாள். கடுகு என்னைப் பார்த்து, "அப்பா, அப்ப நான் பன் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லை. உட்கார்ந்தால் அவள் நெற்றி மேசையில் மோதும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் அவள் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். பயம் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எனக்கு வந்தது வேறு. வாயில் இரும்பை வைத்ததுபோல ஒரு ருசி, எந்நேரமும்.

மாற்றம் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக முடிவானது. அதற்குத் துணையாக என் மனைவி தன் தங்கையை வரவழைத்தாள். "நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் அரைநாள் வேலை பார்ப்பீங்க? இனிமே அவ பாத்துப்பா, நீங்க ஆபீஸ் போங்க" என்றாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

மைத்துனி பேக்கரியில் மாவு பிசைகிறவள். அதனால் கடுகு அவளைப் பன் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். கலகலப்பான பெண். நிறுத்துப் போட்டே பழகிய கை என்பதால் எல்லாம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நான் ஒரு வேளைச் சாப்பாடு தயாரிக்க நாற்பது நிமிடம் ஆகும். அவள் பதினாலு நிமிடத்தில் முடித்துவிட்டு, வெண்ணெயில் பூ வேறு செய்து வைப்பாள். கடுகு கைதட்டுவாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். நான் அவளுக்கு ஒரே ஒரு பாடம்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "கண்ணை நம்பாதம்மா. தராசை நம்பு."

அந்தத் திங்களுக்கு எட்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மதியம், மூவரும் கடுகுக்குப் பள்ளிக்கூடத்துச் செருப்பு வாங்கக் கிளம்பினார்கள். நான் வீட்டில் இருந்தேன்.

ஒரு தராசு எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவில் பொய் சொன்னால் விகிதம் மாறாது. சாப்பாடு கூடும், குறையும், அவ்வளவுதான். இரண்டு தராசில் ஒன்று மட்டும் பொய் சொன்னால் மாறும். சின்னத் தராசின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ள நூறு கிராம் கல்லைக் கேட்கும். அது நூறு கேட்டது. நான் நூற்று அறுபத்தேழு வைத்தேன். இதுதான் நூறு போலிருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இருபத்தைந்து கிராம் பழத்தை வைத்தால் பதினைந்து என்று காட்டும். இரண்டு நிமிட வேலை.

மருத்துவர் ஆறேழு மாதத்தில் படிப்படியாக இறக்க நினைத்ததை நான் ஒரே நாளில் இறக்கினேன். பாதகம் செய்யும் எண்ணத்தோடு இல்லை. அவள் ஒருமுறை விழ வேண்டும். சின்னதாக, சாப்பாட்டு மேசையில், நான் பக்கத்தில் இருக்கும்போது. அதைப் பார்த்தால் எல்லாருக்கும் புரிந்துவிடும், நிறுத்தும் பேச்சே எழாது. காய்ச்சல் வராமலிருக்க ஊசி போடுவதில்லையா, அப்படித்தான் நினைத்தேன். மேசையின் நாலு முனைக்கும் ரப்பர் ஒட்டினேன். அவள் தட்டுக்கு எதிரே ஒரு மெத்தைத் துணி விரித்தேன். பரணிலிருந்து தொப்பியையும் எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். இவ்வளவு முன்யோசனை செய்தவனை நீங்கள் நேற்று வேறு ஒரு வார்த்தையால் குறிப்பிட்டீர்கள். பரவாயில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது புதுச் செருப்பு இல்லை. "போன வருஷத்து அளவேதாங்க இன்னும்" என்றாள் என் மனைவி.

திங்கட்கிழமை காலை மைத்துனி என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, பதினஞ்சு கிராம் திராட்சைக்கு எப்பவும் மூணு பழந்தான் வரும். இன்னைக்கு அஞ்சு வருதே?"

"பழம் சின்னதா இருக்கும்."

"அப்படித் தெரியலையே."

"கண்ணை நம்பாதேன்னு சொன்னேன்ல?" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பட்டையை நான்தான் நனைத்துப் பார்த்தேன். செவ்வாய் காலை ஊதா வெளுத்திருந்தது. புதன் காலை அது வெறும் ரோஜா நிறம். நோட்டில் இரண்டு நாளும் 'அடர்த்தி' என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் எழுதிய பொய் அது மட்டும்தான். வேண்டுமானால் மற்றப் பக்கங்களைச் சரிபாருங்கள்.

வியாழக்கிழமை அவள் மேசையில் விழவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் மாடிப்படியில் விழுந்தாள். மேல்படியில் கால் வைத்தவள் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். மைத்துனி இரண்டு படி கீழே, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பிடிக்கத்தான் பார்த்தாள். பதினொரு படி. நான் சத்தம் கேட்டு வந்தபோது கடுகின் உடம்பு இழுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை தொய்ந்து விழுவது இல்லை, மற்றவர்கள் நினைப்பார்களே, அந்த வலிப்பு. கடிகாரத்தைப் பார்த்தேன், அது பழக்கம். முப்பத்தொரு நிமிடம் நிற்கவே இல்லை.

மருத்துவமனையில் மைத்துனியைத்தான் கேட்டார்கள். என்ன கொடுத்தாய், எவ்வளவு கொடுத்தாய். அவள் அழுதுகொண்டே நாலு நாள் சாப்பாட்டையும் கிராம் தவறாமல் ஒப்பித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே யாரும் நம்பவில்லை. ஆலோசகர் மெதுவாக, "பேக்கரியிலேர்ந்து ஏதாவது...?" என்று இழுத்தார்.

என் மனைவி தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உண்மையைச் சொல்லுடி. கேட்டாளேன்னு ஒரு துண்டு கேக்காவது குடுத்தியா?"

"சத்தியமா இல்லக்கா. என் கண்ணு மேல சத்தியமா இல்ல."

நான்தான் விலக்கிவிட்டேன். "திட்டாதே. புதுசுதானே, கை தவறியிருக்கும்" என்றேன். மைத்துனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள். அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம் என்பது உங்கள் அபிப்பிராயம். பேசினால் என்னை அடுக்களைக்குள் விடமாட்டார்கள். அதற்கப்புறம் கடுகை யார் பார்ப்பது?

வீட்டுக்குப் போய்த் திரும்பவும் நூறு கிராம் கல்லை வைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை விட்டு நகர எனக்குக் கால் வரவில்லை. எட்டு நாள் அங்கேயே நாற்காலியில் கிடந்தேன். அதற்குள் மைத்துனி தன் ஊருக்குப் போகிறபோது சின்னத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். தன் கை எங்கே தவறியது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பேக்கரித் தராசில் ஈஸ்டை நிறுத்து, அதையே சின்னதில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

அடியில் முத்திரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேதி. எண் பதினேழு.

ஆமாம், நான்தான் ஒட்டினேன். எதற்கு ஒட்டினீர்கள் என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அளவை மாற்றிய தராசை முத்திரையில்லாமல் விட என் கைக்குத் தெரியாது. ஒட்டியதுகூட நினைவில்லை.

தங்கை திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த அந்தத் தராசை என் மனைவி மருத்துவமனைக்கே கொண்டுவந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த என் எடைக்கல் பெட்டியைத் திறந்து, இருபது கிராம் பித்தளைக் கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள். பன்னிரண்டு என்று காட்டியது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கல்லை எடுத்தாள், மறுபடி வைத்தாள். மறுபடியும் பன்னிரண்டு.

"இத்தனை நாளா இவ பக்கத்துல உங்களை நம்பி விட்டுட்டு வேலைக்குப் போனேன்" என்றாள். அவள் குரல் நடுங்கியது. என்னைப் பார்த்துப் பயந்து நடுங்குகிறாள் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. பிறகு அவள்தான் உங்கள் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

இன்னும் ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்டீர்கள். அந்த வியாழக்கிழமைக் காலையை எழுதிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டை அன்றைக்கு நிறமே மாறவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கடுகு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முட்டையைத் தின்றுவிட்டாள், வெண்ணெயை வழித்துவிட்டாள். திராட்சையை மட்டும் வரிசையாக வைத்து எண்ணினாள். "அப்பா, இன்னைக்கும் அஞ்சு. சித்தி தராசு நல்ல தராசு" என்றாள். நாலைத் தின்றுவிட்டு ஐந்தாவதை என் பக்கம் நகர்த்தினாள். "இது உனக்கு. நீ பழமே சாப்பிடறதில்ல."

மிச்சம் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். "ஆ காட்டு" என்றேன். காட்டினாள். என் கையாலேயே ஊட்டினேன்.

அவள் இப்போது கண் திறக்கிறாள். வலது கை இன்னும் எழவில்லை. வார்த்தைகள் வரவில்லை, ஸ்பூனைப் பார்த்துவிட்டு அதன் பெயருக்காக வாயை அசைக்கிறாள் என்று தாதி சொன்னார். மருத்துவர் குழாய் வழியாக உணவு கொடுக்க உத்தரவிட்டிருக்கிறார். நாலுக்கு ஒன்று. இப்போதைக்கு நிறுத்துவது என்ற பேச்சே இல்லையாம். நான் ஆரம்பத்திலிருந்தே சொன்னது அதைத்தான்.

நான் இங்கேயிருந்து வெளியே வர நாளாகும் என்கிறீர்கள். அதுவரைக்கும் எனக்காக ஒன்று செய்யுங்கள், ஆய்வாளர் அம்மா. அந்த வார்டு அடுக்களையில் ஒரு வெள்ளைத் தராசு இருக்கிறது. அதைத் திருப்பி, அடியில் முத்திரை இருக்கிறதா, யாருடைய எண் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சரிபார்க்காத தராசை நம்பிப் பிள்ளையை விடக் கூடாது. அதில் யார் கை பட்டதோ, யாருக்குத் தெரியும்.